ஜெர்மனியில் எடிட்டிங் படித்தேன்: போகிறவர்கள் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

ஜெர்மனியில் சினிமா படிப்பது பற்றி எனக்கு வருகிற செய்திகளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கே ஃபீஸ் கிடையாதாமே அக்கா?" பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது, உண்மைதான். பருவத்துக்கு, அதாவது ஒரு செமஸ்டருக்கு, சில நூறு யூரோ கட்டினால் போதும். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடும். நானும் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டுக் கிளம்பினேன். ஆனால் படிப்பு முடிய வேண்டிய நேரத்தில் பணம், குடியிருப்பு அனுமதி, மருத்துவக் காப்பீடு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து என்னை நெருக்கின. நான் எந்தப் பாடத்திலும் தவறவில்லை. இன்னொரு மாணவருடைய படம் ஒரு குளிர்காலம் தள்ளிப்போனது, அவ்வளவுதான் காரணம். சினிமாப் பள்ளியில் நம் பட்டம் அடுத்தவர் படத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு ஏறக்குறைய 6,000 யூரோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் கல்விநிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எனக்கு நேர்ந்தது அங்கே எந்தப் பள்ளியிலும் நேரக்கூடியது.

முதலில் எங்கெல்லாம் படிக்கலாம் என்று பார்ப்போம். பெர்லினை ஒட்டியுள்ள போட்ஸ்டாமில் பாபெல்ஸ்பெர்க் கொன்ராட் வோல்ஃப் திரைப்படப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1954-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது, 2014-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1912 முதல் படம் எடுத்துவரும் பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோ அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மியூனிக்கில் உள்ள தொலைக்காட்சி, திரைப்படக் கல்லூரியின் முதல் பேட்ச்சில் 1967-இல் சேர்ந்தவர்களில் புகழ்பெற்ற ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸும் ஒருவர். பெர்லினில் 1966-இல் தொடங்கிய திரைப்பட அகாடமி, கொலோனில் 1990-இல் வந்த ஊடகக் கலைக் கல்லூரி, லுட்விக்ஸ்புர்க்கில் 1991-இல் வந்த ஃபில்ம் அகாடமி என்று இன்னும் உண்டு. ஊரையும் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் துறை அங்கே தனிப் படிப்பாக இருக்கிறதா, எந்த மொழியில் நடக்கிறது, போன இரண்டு மூன்று பேட்ச்சுகள் உண்மையில் எத்தனை பருவத்தில் முடித்தன, இவை மூன்றும்தான் முக்கியம். மூன்றாவதற்குப் பதில் இணையதளத்தில் கிடைக்காது. துறையில் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு எழுதிக் கேளுங்கள், சொல்வார்கள். இன்னொன்று, லுட்விக்ஸ்புர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 குளிர்காலம் முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. 'ஜெர்மனியில் இலவசம்' என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கோவையில் விஸ்காம் முடித்து, சென்னையில் சில ஆண்டுகள் உதவி எடிட்டராக இருந்தவள். முதுகலை எடிட்டிங்குக்கு விண்ணப்பித்தேன். இந்தப் பள்ளிகளில் ஒரு துறைக்கு ஆண்டுக்கு ஒரு கைவிரல் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மதிப்பெண்ணைவிட நுழைவுத் தேர்வுதான் தீர்மானிக்கும். பழைய வேலைகளின் தொகுப்பு, அவர்கள் கொடுக்கும் தலைப்பில் ஒரு சிறு படம் அல்லது எடிட்டிங் பயிற்சி, எழுத்து வேலை, கடைசியில் நேர்முகம் என்று சுற்றுச் சுற்றாகப் போகும். தொகுப்பில் நான் வேலைபார்த்த பெரிய படங்களின் துண்டுகளை நிறைய வைத்திருந்தேன். நேர்முகத்தில் அவற்றைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஒரு பஸ் டிப்போவில் நானே எடுத்த சின்ன ஆவணப்படத்தைப் பற்றித்தான் முக்கால்வாசி நேரம் கேட்டார்கள். இந்த ஷாட்டை ஏன் இவ்வளவு நேரம் வைத்தாய், வேறு எப்படி வெட்டிப் பார்த்தாய், எதைத் தூக்கிப் போட்டாய் என்று. நீங்களே முடிவெடுத்த வேலையை வையுங்கள், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

நேர்முகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். குறுகிய காலச் ஷெங்கன் விசாவில் போனேன். இடம் கிடைத்ததும் அப்படியே அங்கே இருந்து மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது முடியாது. ஊர் திரும்பி, நீண்ட கால விசாவுக்குச் சென்னையில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். போக, வர, தங்க என்று அந்த ஒரு நேர்முகத்துக்கே லட்சத்துக்கு மேல் செலவு. ஆன்லைனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை, சில துறைகள் சம்மதிக்கும். இல்லாவிட்டால், படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கென்றே தனி விசா ஒன்று இருக்கிறது. அதில் போனால் அனுமதி கிடைத்த பிறகு நாட்டை விட்டு வெளியேறாமலே மாணவர் அனுமதிக்கு மாறலாம். உங்கள் தேதிகளுக்கு எது ஒத்துவரும் என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள். அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட், அதாவது செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. நான் கிளம்பிய 2023-இல் ஓராண்டுக்கு 11,208 யூரோ போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அது 11,904 ஆனது, அதாவது மாதம் 992 யூரோ. இந்தத் தொகையை ஒருமுறை காட்டினால் வேலை முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஒவ்வொரு முறை அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் அடுத்த காலத்துக்கான பணம் எங்கே என்று மறுபடி கேட்பார்கள், அதுவும் அப்போதைய புதுத் தொகைக்கு. அப்பா வாங்கிய கடன் முதல் ஆண்டுக்குத்தான் சரியாக இருந்தது.

மொழி பற்றி. ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பெரும்பாலும் சி1 என்ற உயர்நிலை மொழித் தேர்ச்சியைக் கேட்பார்கள். மாக்ஸ் முல்லர் பவன் வகுப்புகளில் படிப்படியாக ஏறி அந்தச் சான்றிதழை வாங்க எனக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தையும் பணத்தையும் படிப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சி1 இருந்தால் விரிவுரை புரிகிறது, கட்டுரை எழுத வருகிறது. ஆனால் எடிட்டிங் அறையில் என் முன்னால் ஓடியது கட்டுரை ஜெர்மன் இல்லை. வாய்க்குள் முணுமுணுக்கிற நடிகர், பாதி வாக்கியத்தில் அழுகிற அம்மா, மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சமையலறை. முதல் பருவத்தில் சக மாணவர்கள் ஒரு டேக் பொய்யாக இருக்கிறது என்று சட்டெனச் சொல்வார்கள். எனக்கோ வார்த்தைகள் எல்லாம் புரியும், பொய் தெரியாது. எத்தனையோ நாள் அறைக்கு வந்து அழுதிருக்கிறேன். ஊரில் நான் வேகமான எடிட்டர் என்று பெயர் வாங்கியவள், இங்கே மந்தமானவளாகத் தெரிகிறேனே என்ற வலி அது. அதிலிருந்து என்னை மீட்டது ஒலியை மட்டும் கேட்டுப் பழகியதுதான். படத்தை அணைத்துவிட்டு ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவை, முழுக்கக் கேட்பேன், எங்கே மூச்சு மாறுகிறது என்று குறித்துக்கொள்வேன். பிறகு இயக்குநரிடம் அதை மட்டும் கேட்பேன். இன்னொரு உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜெர்மன் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், நம்முடையதைப் போலவே. பேட்டியில் ஒருவர் வாக்கியத்தை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டினால் அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும் என்பது எனக்கு மற்ற வெளிநாட்டு மாணவர்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டது.

வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் 120, 240 என்று இருந்தது. ஆனால் அது சம்பளத்துக்கு ஆளாக வேலை செய்வதற்கு மட்டும். சுயதொழில் கூடாது என்று அனுமதியோடு வரும் கூடுதல் தாளிலேயே எழுதியிருக்கும். சினிமா வேலையோ, குறிப்பாக எடிட்டிங், பெரும்பாலும் பில் போட்டு வாங்கும் ஃப்ரீலான்ஸ் வேலை. ஒரு சிறிய நிறுவனம் நல்ல தொகைக்கு விளம்பரப் படங்களை வெட்டித் தரச் சொன்னது. பில் அனுப்பினால் போதும் என்றார்கள், எல்லா மாணவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். செய்கிறார்கள், ஜெர்மன்காரர்கள். நாம் செய்தால் அனுமதிக்கே ஆபத்து. குடியிருப்பு அனுமதி தரும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி ஒப்புதல் கேட்கலாம், அது வருவதற்குள் அந்த வேலை போய்விட்டது. இரண்டு வழிகள் எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, நிறுவனத்திடம் மினிஜாப் (குறைந்த சம்பளப் பகுதிநேர வேலை) ஒப்பந்தமாகக் கொடுங்கள் என்று கேட்பது. 2025-இல் அதன் உச்சவரம்பு மாதம் 556 யூரோ, பெரிய பணம் இல்லை, ஆனால் சட்டப்படியானது. மற்றது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவ உதவியாளர் வேலை. அந்த நாட்கள் 140 கணக்கில் சேராது. எடிட்டிங் அறைகளையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். முதல் வாரமே துறைச் செயலரிடம் போய்க் கேட்டு வையுங்கள். படிப்பின் பகுதியாக வரும் கட்டாயப் பயிற்சியும் அந்தக் கணக்கில் வராது, விருப்பப் பயிற்சி வரும். உதவித்தொகையில், நாடு பார்க்காமல் மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் உண்டு. கலைத் துறைகளுக்கு டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தனியாக உதவித்தொகை வைத்திருக்கிறது, திரைப்படமும் அதில் அடங்கும். அதற்கு ஊரில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டம் வாங்க முடித்துக் கொடுக்க வேண்டிய படம்தான் பட்டப் படம். எடிட்டிங் மாணவரின் பட்டப் படம் என்பது ஓர் இயக்குநர் மாணவரின் பட்டப் படம். அவர் எடுத்தால்தான் நாம் வெட்ட முடியும். நான் சேர்ந்துகொண்ட படம் மலைக் கிராமத்தில் பனிக்காலத்தில் நடக்கும் கதை, எட்டு வயதுக் குழந்தை முக்கிய வேடம். திரைக்கதை எனக்கு உயிர். 2025 ஜனவரியில் படப்பிடிப்பு, கோடைக்குள் எடிட்டிங், இலையுதிர் காலத்தில் பட்டம் என்று திட்டம். கல்லூரி கேமராவும் விளக்கும் காப்பீடும் கொஞ்சம் பணமும் தரும். தங்குமிடம், சாப்பாடு, வண்டி எல்லாவற்றுக்கும் மாநிலத் திரைப்பட நிதியை நம்பித்தான் எல்லோரும் இருப்பார்கள். குழந்தை நடிப்பதால் செலவு கூடியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை நாளுக்கு மூன்று மணி நேரம்தான் படமெடுக்கலாம், அதற்கும் அரசு அலுவலக ஒப்புதல் வேண்டும். பெரியவர்களுக்கும் பத்து மணி நேர வேலை, இடையில் பதினொரு மணி நேர ஓய்வு. ஊரில் விடிய விடிய ஓடிய படப்பிடிப்புகளைப் பார்த்தவள் என்பதால் இந்தச் சட்டங்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவற்றை வைத்து நாள் கணக்குப் போட்டால் படப்பிடிப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. நிதி முதல் சுற்றில் கிடைக்கவில்லை. அடுத்த சுற்று வசந்த காலத்தில். அதற்குள் பனி போய்விட்டது. படம் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

இயக்குநருக்கு அது வருத்தம். அவர் ஒரு பருவம் விடுப்பு எடுத்து, பெற்றோர் வீட்டுக்குப் போய்த் திரைக்கதையைத் திருத்தினார். எனக்கு அந்த வசதி இல்லை. விடுப்புப் பருவம் எடுத்தால் படிப்புக்காகத் தரப்பட்ட அனுமதியே கேள்விக்குள்ளாகும், வேலை செய்யும் உரிமையும் சிக்கலாகும். விடுப்பு எடுக்கும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தை எழுத்தில் கேளுங்கள். என் அனுமதி 2025 அக்டோபரில் முடிய இருந்தது. படிப்பு நீண்டால் நீட்டிப்பார்கள். சராசரிப் படிப்புக் காலத்தைவிட மூன்று பருவம் வரை கூடுவதைப் பொதுவாக ஏற்கிறார்கள். ஆனால் எப்போது முடிப்பார் என்று துறையிலிருந்து கடிதம் வேண்டும், அடுத்த காலத்துக்கு மாதம் 992 யூரோ கணக்கில் பணமும் வேண்டும். அப்பாவிடம் மறுபடி கேட்ட அந்த ஃபோன் அழைப்பை நான் மறக்க மாட்டேன். "ஃபீஸ் இல்லாத படிப்புன்னு சொன்னியேம்மா" என்றார், கோபமே இல்லாமல். அம்மாவின் வளையல்கள் போயின.

கோடையிலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. அனுமதி முடிந்த பிறகும், முன்பே விண்ணப்பித்திருந்தால் சட்டப்படி இருக்கலாம், பழைய உரிமைகள் தொடரும். அதற்குச் சான்றாக ஓர் இடைக்காலத் தாள் தருவார்கள். அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டம் பிரிவு 81, உட்பிரிவு 4 என்றிருந்தால் வெளிநாடு போய்த் திரும்பலாம். உட்பிரிவு 3 என்றிருந்தால் திரும்ப முடியாது. எனக்கு அந்தத் தாளே டிசம்பர் வரை கைக்கு வரவில்லை. நவம்பரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஒரே பெண் நான், ஃபோனில் பார்த்தேன். டிக்கெட் பணமும் திரும்பவில்லை. யாரையும் திட்டி இதை எழுதவில்லை, அலுவலகங்களில் ஆள் குறைவு, கோப்புகள் அதிகம். ஆனால் நீட்டிப்பு நடக்கிற மாதங்களில் ஊர்ப் பயணம் எதையும் உறுதி செய்யாதீர்கள். விண்ணப்பித்த தேதி தெரியும் சான்றை அச்செடுத்துப் பத்திரமாக வையுங்கள். இடைக்காலத் தாள் வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேளுங்கள்.

காப்பீடும் அதே நேரத்தில் மாறியது. மாணவர்களுக்கான சலுகைப் பொதுக் காப்பீடு முப்பது வயது நிறையும் பருவத்தோடு முடிந்துவிடும். எனக்கு அந்தக் கோடையில் முப்பது முடிந்தது. திட்டப்படி பட்டம் வாங்கியிருந்தால் அது என்னைப் பெரிதாகத் தொட்டிருக்காது. மாதம் 145 யூரோவை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்தவள் 250-ஐத் தாண்டிக் கட்ட வேண்டியதாயிற்று. சினிமா படிக்க வருபவர்கள் பெரும்பாலும் சில ஆண்டு வேலைபார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆகவே இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். இன்னொன்று: தொடக்கத்தில் மலிவாக இருக்கிறதென்று தனியார் காப்பீட்டுக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால், படிப்புக் காலம் முழுக்கத் திரும்ப முடியாது.

எப்படி வெளியே வந்தேன் என்றால், படத்தை மாற்றினேன். வேறொரு மாணவி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊர்களையே இடித்த லவுசிட்ஸ் பகுதியில் ஓர் ஆவணப்படம் எடுத்துவிட்டு எடிட்டர் இல்லாமல் காத்திருந்தாள். தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பித்து, அதையே என் பட்டப் படமாக ஏற்கச் சொன்னேன். ஏற்றார்கள். பனிப் படத்தின் இயக்குநரிடம் சொல்லப் போனபோது எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு ஆண்டு ஒன்றாக எழுதி, பேசி வளர்த்த கதை. என் அனுமதி எப்படி ஓடுகிறது என்பதை அவர் அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டார். முன்பே எல்லாவற்றையும் அவரிடம் விளக்கியிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். விளக்கியிருந்தாலும் பனி சீக்கிரம் விழுந்திருக்காது. அந்த ஆவணப்படத்தில் வயதானவர்கள் பேசியதைக் கேட்டு எழுதவே வாரக்கணக்கில் ஆனது, ஆனால் நான் வெட்டியவற்றில் அதைத்தான் நல்ல வேலை என்று சொல்வேன். 2026 வசந்தத்தில் பட்டம் வந்தது. எடிட்டிங், ஒலி, கேமரா, தயாரிப்பு எதுவானாலும் தொடக்கத்திலேயே இரண்டு படங்களில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று தாமதமானால் மற்றது பட்டப் படமாகலாம் என்று துறைத்தலைவரிடம் மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கல்லூரிதான் தயாரிப்பாளர், உரிமை அவர்களிடமே இருக்கும். ஷோரீலில் (நம் வேலைகளின் மாதிரித் தொகுப்பு வீடியோவில்) எத்தனை நிமிடம் பயன்படுத்தலாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கூட்டுத் தயாரிப்பாளராக இருந்தால் பிறகு கேட்டுக் கிடைப்பது கடினம்.

இப்போது பட்டத்துக்குப் பின் வேலை தேடத் தரப்படும் 18 மாத அனுமதியில் இருக்கிறேன். இதில் பில் போடலாம், கடைசியில். ஃப்ரீலான்ஸ் கலைஞர்களுக்குக் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதி என்று ஒன்று உண்டு, காப்பீட்டில் பாதியை அது ஏற்கும். பொதுவாக ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலை வருமானம் காட்ட வேண்டும், தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டு அந்த வரம்பு இல்லை. விண்ணப்பத்தோடு ஒப்பந்தங்கள், பில்கள், படத்தில் உங்கள் பெயர் வரும் பக்கம் எல்லாவற்றையும் கேட்பார்கள். அதனால் படிக்கும்போது செய்கிற ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒரு தாள் வாங்கிக் கோப்பில் போட்டு வையுங்கள்.